இரண்டு மில்லிகிராம்

மரியபுஷ்பத்துக்கு வலிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இருபத்தைந்து நிமிடமாக அவள் கட்டில் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கிறேன். ஒன்றே முக்காலுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இந்த ரெக்கவரி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம், கட்டிலுக்கு மாற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது, இப்போது இரண்டு பத்து. நாற்பத்தாறு வயது, நூற்று முப்பத்திரண்டு கிலோ, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பழைய சிசேரியன் தையல் உள்ளே விட்டுப்போய்க் குடல் பிதுங்கி நின்ற வயிறு, அதைத் திறந்து குடலை உள்ளே தள்ளி வலை வைத்துத் தைத்திருக்கிறார் டாக்டர் ஞானதுரை. ஒரு சாண் நீளத்துக்கு மேல் தையல். தூங்கவைத்தது நான், எழுப்பியது நான், எழுப்பிய பிறகு வருகிற வலியும் என்னுடைய வேலைதான், மயக்க மருத்துவர் என்றால் மயக்கத்தோடு முடிந்துபோகிறது என்று வெளியில் நினைக்கிறார்கள். "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். அவள் கண்ணைத் திறக்காமலே, "பத்துக்கு மேல போட வழியில்லையாம்மா?" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே வழி இருக்கிறதா என்று கேட்கிறாள். மூடிய இமையின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்குகிறது, அதைத் துடைக்கக் கையைத் தூக்கினால் வயிறு இழுக்கும் என்று தூக்காமல் கிடக்கிறாள். நான் துடைத்தேன். பஞ்சால் துடைக்க எனக்குத் தெரிகிறது. தலைமாட்டில் மானிட்டர் கூவிக்கொண்டிருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும், இருபத்தாறு வருடமாக அந்தச் சுருதியிலேயே என் காது வாழ்கிறது, வீட்டில் மிக்ஸி ஓடி நிற்கும்போது அதன் சத்தம் கீழே இறங்குமே, அப்போதுகூட அடுப்படியில் என் கை ஒரு கணம் எதையோ தேடும்.

பாரசிட்டமால் பாட்டில் ஏற்றியாகிவிட்டது, இந்தத் தையலுக்கு அது போதாது என்று ஏற்றும்போதே தெரியும். டைக்ளோபெனாக் கொடுக்கலாம் என்றால் சர்க்கரையில் அவள் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. டிரமடால் பாதி போட்டேன், ஐந்தாவது நிமிடத்தில் ஓங்கரித்தாள், புதுத் தையலோடு ஓங்கரிப்பதை நின்று பார்த்தேன், சத்தம்கூட வரவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினாள், வயிற்றின் இரண்டு பக்கத்தையும் தன் கைகளாலேயே அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இருப்பது மார்ஃபின். சுவரோரம் பூட்டிய அலமாரி, சாவி என் கோட்டுப் பையில். ஒரு ஊசியில் பத்து மில்லிகிராம், சின்னக் கண்ணாடிக் குப்பி, கழுத்தைத் தட்டி உடைத்தால் போதும். சாவியைப் பைக்குள்ளேயே விரலால் திருப்பிக்கொண்டிருக்கிறேன். பிரேமலதா சிஸ்டர் பிளட் பிரஷர் எழுதிக்கொண்டே, "கொஞ்சம் கனமா இருக்கிறவங்க இப்படித்தான் மேடம், தாங்க மாட்டாங்க, போகப் போகச் சரியாயிரும்" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மரியபுஷ்பத்துக்குக் கேட்டிருக்கும். மயக்கம் தெளிந்தவர்களுக்கு முதலில் திரும்புவது காதுதான். சிஸ்டரைக் கண்டிக்க வேண்டும் என்று வாயெடுத்தேன், அப்போதுதான் உறைத்தது, அது என்னுடைய வாக்கியம். இந்த அறையில் இதே இடத்தில் நின்று நான் சொல்லித்தான் அவள் கற்றிருக்கிறாள். கொஞ்சம் பொறுத்துக்குங்க, போகப் போகச் சரியாயிரும். ஒல்லியாக ஒருவர் இதே தையலோடு கிடந்தால் நான் பொறுத்துக்கச் சொல்வதில்லை, ஐந்து நிமிடத்தில் மார்ஃபின் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவேன். அதை ஒரு கொள்கை மாதிரி வைத்திருக்கிறேன், குண்டானவர்களுக்கு மார்ஃபின் கிடையாது, தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். கேட்டால் புத்தகத்திலிருந்து காரணம் சொல்வேன். புத்தகத்திலும் அப்படி முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. பார்த்துக் கொடு, குறைத்துக் கொடு, பக்கத்தில் இரு என்றுதான் போட்டிருக்கிறது. பக்கத்தில் இரு என்பதைத்தான் நான் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இல்லை, விட்டுவிடவில்லை, பயந்து ஒதுக்கிவைத்தேன்.

தில்லைநாயகம். அந்தப் பெயர் இன்று வராமல் போய்விடும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நான் அப்போது வேலை பார்த்த இன்னொரு ஆஸ்பத்திரியில். நாற்பத்தொரு வயது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார், பித்தப்பைக் கல், வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். நூற்று நாற்பது கிலோ. நல்ல சிரிப்பு, கட்டிலில் ஏறும்போது, "இது தாங்குமா டாக்டர், முதல்ல இதுக்கு வைத்தியம் பாருங்க" என்றார். பகல் பதினொரு மணிக்கு வலி தாங்காமல் கத்தினார், நான் எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன், பெரிய உடம்பு, பெரிய அளவு, பதினான்கு மில்லிகிராம் சதையில் போட்டேன். கொழுப்புக்கு மருந்து வேண்டியதில்லை, மூளை எல்லோருக்கும் ஒரே அளவுதான், மூச்சை இழு என்று சொல்கிற இடம் கடுகு அளவு, அதற்கு நூற்று நாற்பது கிலோ என்பது தெரியாது. இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். படித்ததுதான். அன்றைக்கு மூன்று கேஸ் வரிசையில் நின்றது, அவ்வளவுதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் வலி அடங்கி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பன்னிரண்டரைக்கு வார்டுக்கு அனுப்பினோம். அவர் மனைவி வடிவு, ஒல்லியான பெண், வார்டு வாசலில் என்னிடம், "தூங்கட்டுமாம்மா, இல்லை எழுப்பிக் கஞ்சி குடுக்கவா?" என்று கேட்டாள். "எழுப்பாதீங்க, நல்லாத் தூங்கட்டும்" என்றேன். எழுப்பாதீங்க. அந்தச் சொல்லை என்னால் கடந்து போகவே முடிவதில்லை. அவள் எழுப்பவில்லை. பெரிய குறட்டை விட்டாராம், பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்களாம், அப்புறம் குறட்டை நின்றுவிட்டதாம். அசந்து தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டு, ஈ மொய்க்காமல் இருக்க முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். மூன்று மணிக்கு நான் ரவுண்ட்ஸ் போனபோதும் விசிறிக்கொண்டிருந்தாள். வாயில் விரலை வைத்து, "இப்பத்தான் நல்லா தூங்குதாங்கம்மா" என்றாள். உதடு நீலமாக இருந்தது. நான் தொட்டேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினோம், குழாய் போட்டோம், எல்லாம் முறைப்படி செய்தோம். மாரடைப்பு என்று எழுதினார்கள். நான் எழுதவில்லை. எழுதியதை வாசித்தேன், மறுக்கவில்லை. உடம்பு அப்படி, இதயம் தாங்கவில்லை என்று பெரிய டாக்டர் சொன்னபோது வடிவு தலையாட்டினாள், அந்த உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவள். பதினாறாம் நாள் கழிந்து ஏதோ சர்ட்டிபிகேட் வாங்க வந்தவள் என்னைத் தேடி வந்து, "கடைசியில வலியில்லாமப் போனாங்க, நீங்க செஞ்ச புண்ணியம்" என்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். கும்பிடுவது என் கைதானா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடத்தில் என் கையில் கனத்த உடம்புக்காரர் ஒருவர்கூட மூச்சு நின்று போகவில்லை. மருத்துவர்கள் கூட்டத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன், மெல்லத்தான், ஆனால் பெருமை இல்லாமல் சொல்லவில்லை. காந்திமதி மேடம் கேஸ் என்றால் பயமில்லை என்பார்கள். பயமில்லைதான், பயம் முழுவதும் என்னிடம் இருந்தது. வலி அவர்களிடம் இருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முழங்கால் மாற்று ஆபரேஷன், நூற்றுப் பதினைந்து கிலோ, துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தார், மூன்றாம் நாள் அந்தத் துண்டை மகன் உதறியபோது ஒரு பல் விழுந்தது. அதை எனக்குச் சொன்னது சிஸ்டர், சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் ஏதோ பதில் சொன்னேன். கமருன்னிசா என்று ஒரு அம்மா, கர்ப்பப்பை எடுத்தது, வலிக்குப் பயந்து இருமவே இல்லை, மூச்சை மேலோட்டமாகவே வாங்கி வாங்கி நுரையீரலின் அடிப்பக்கம் மடிந்துபோய் சளி கட்டி நிமோனியா, பதினொரு நாள் ஐசியூவில். பிழைத்துக்கொண்டாள், அதனால் என் கணக்கில் அவள் வரவில்லை. மார்ஃபினும் மூச்சை நிறுத்தும், வலியும் மூச்சை நிறுத்தும், வலி மெதுவாக நிறுத்தும், அதற்குள் ஷிப்ட் மாறியிருக்கும், நோயாளி வேறு டாக்டர் கையில் இருப்பார், எழுதும்போது வேறு நோயின் பெயரில் எழுதுவார்கள். இதை நான் இப்போதுதான் நினைக்கிறேனா? இல்லை, கமருன்னிசாவைப் பார்க்க ஐசியூவுக்குப் போன அன்றே நினைத்தேன். கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே போயிருந்தால் அவள் எனக்கு நன்றி சொல்லியிருப்பாள். அந்த உடம்புக்காரர்கள் எல்லோரும் நன்றி சொல்வார்கள், மற்றவர்களைவிட அதிகமாகச் சொல்வார்கள், தங்கள் உடம்பைத் தொட்டுத் தூக்க வேண்டியிருந்ததற்காகவே கூசிப்போய்ச் சொல்வார்கள்.

இவளும் அப்படித்தான். காலையில் முதுகுத்தண்டில் சின்னக் குழாய் செருகிவிட்டால் மார்ஃபினே தேவையிருக்காது, அந்தக் குழாய் வழியாக மரத்துப்போகிற மருந்தை விட்டுக்கொண்டே இருக்கலாம் என்று உட்காரவைத்தேன். முதுகெலும்பின் முடிச்சு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை, மெத்தையில் விழுந்த பொத்தானைத் தேடுகிற மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மூன்று தடவை ஊசியை இறக்கினேன், மூன்று தடவையும் நீளம் போதாமல் சதைக்குள்ளேயே நின்றது. முதுகில் ரத்தம் கோடாக இறங்கியது. அவள் குனிந்து தலையணையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள், மூன்றாவது தடவை நான் பெருமூச்சு விட்டதைக் கேட்டுவிட்டு, "என் உடம்பு இப்படி, உங்களுக்குக் கஷ்டம் டாக்டரம்மா, மன்னிச்சுக்கங்க" என்றாள். ஸ்கேன் வைத்துப் பார்த்தால் எலும்பு தெரியும், முதுகிலும் பார்க்கலாம், வயிற்றுச் சதைக்குள் நரம்பு போகிற இடத்தையும் பார்த்து மரத்துப்போக வைக்கலாம். பர்வீன் செய்வாள், என்னிடம் படித்த பெண், இப்போது மெடிக்கல் காலேஜில் இருக்கிறாள், கண் இமைக்கிற நேரத்தில் செய்வாள் என்கிறார்கள். ஐந்து வருடமாக அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறேன். அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் எனக்கு எல்லாம் மேகமாகத் தெரிகிறது, போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் நின்ற பையன்கள் இதோ நரம்பு இதோ நரம்பு என்று காட்டியபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நேற்றே பர்வீனுக்குப் போன் போட்டிருக்கலாம். போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போனேன். மேடம் நீங்களா கூப்பிடுறீங்க என்று அவள் கேட்பாளே, அந்தக் கேள்விக்காகவா வைத்துவிட்டேன்? அதற்காகத்தான். இரண்டு இருபதுக்கு இப்போது போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தியேட்டரில் இருப்பாள். மாலை ஐந்துக்கு மேல்தான் வருவேன் என்று பிறகு ஒரு வரி வந்தது. ஐந்து. மரியபுஷ்பம் ஒவ்வொரு மூச்சையும் பாதியில் வெட்டி வெட்டி விடுகிறாள். ஒரு நிமிடத்தில் முப்பத்துநான்கு. ஐந்து மணிக்குள் எத்தனை வெட்டு.

டாக்டர் ஞானதுரை உள்ளே வந்தபோது நான் இன்னும் சாவியைத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன். தையலைப் பார்த்தார், வயிற்றிலிருந்து வரும் வடிகுழாயைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். நல்ல கை அவருக்கு, நல்ல மனிதர்தான், காலையில் எட்டு மணியிலிருந்து நிற்கிறார். "மேடம், இவங்களை வார்டுக்கு மாத்திரலாமா? அடுத்த கேஸ் ரெடியா இருக்கு, ரெக்கவரியில கட்டில் வேணும்." வலி அடங்கவில்லை என்றேன். "பாரசிட்டமால் ஓடுதுல்ல?" ஓடி முடிந்தது என்றேன். "நீங்க எப்பவும் அதோடதானே அனுப்புவீங்க" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னார். எனக்குக் காது சூடானது. வார்டில் பதினெட்டுப் பேருக்கு ஒரு சிஸ்டர். மார்ஃபின் போட்டால் இவளை அங்கே அனுப்ப முடியாது, மானிட்டர் வேண்டும், ஆள் வேண்டும், சாயங்காலம் வரைக்கும் இந்தக் கட்டில் இவளுக்கு வேண்டும். போடாவிட்டால் இப்போதே அனுப்பிவிடலாம், எல்லோருக்கும் சௌகரியம். இதை இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. அப்போது மானிட்டர் சுருதி இறங்கியது. கொஞ்சம்தான், தொண்ணூற்று நான்கிலிருந்து தொண்ணூற்று ஒன்று. அந்த ஒலி என் கால் வழியாக ஏறியது. ஒரு துளி மார்ஃபின் உள்ளே போகாமல் இறங்குகிறது, வலியால் மட்டுமே இறங்குகிறது. மரியபுஷ்பம் கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் வார்டுக்குப் போயிருதேன் டாக்டரம்மா. என்னால யாருக்கும் தாமசம் வேண்டாம்" என்றாள், வார்த்தைக்கு ஒரு மூச்சு. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள், கத்தினால் என்ன, திட்டினால் என்ன. "இவங்க இங்கதான் இருக்கப்போறாங்க சார், நான் மார்ஃபின் குடுக்கப்போறேன்" என்றேன். என் குரல்தானா என்று நானே கேட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். "நீங்களா? இந்த வெயிட்டுக்கா? குறட்டை உண்டுன்னு கேஸ் ஷீட்டில சிவப்பு மையில எழுதியிருக்கீங்க." "ஆமா. அதனாலதான் நான் இங்கயே உட்காரணும்." "அப்ப அடுத்த கேஸுக்கு மயக்கம்?" "நாளைக்கு வச்சுக்கலாம் சார், அவசரக் கேஸ் இல்லையே." காலையிலிருந்து பட்டினி கிடக்கிறவரிடம் யார் போய்ச் சொல்வது என்றார். நானே சொல்கிறேன் என்றேன். கதவை மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனார், ஆனால் அந்த மெதுவில் எல்லாம் இருந்தது. அடுத்த கேஸ்காரரிடம் போய்ச் சொன்னேன். மூலம், ஐம்பது வயது, ஒல்லியான மனிதர், "அப்ப ஒரு காப்பி குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

குப்பியின் கழுத்தை உடைத்தேன். பத்து மில்லிகிராமைப் பத்து மில்லி தண்ணீரில் கலந்தேன், சிஸ்டரை ஒருமுறை பார்க்கச் சொன்னேன், மூச்சு நின்றால் மார்ஃபினை முறிக்கிற மாற்று மருந்தைத் தனி ஊசியில் ஏற்றி லேபிள் ஒட்டித் தட்டில் வைத்தேன், தலைப்பக்கத்தை இன்னும் உயர்த்தி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்தேன், ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரிசெய்தேன். எல்லாம் செய்தபின் செய்ய வேறொன்றும் மிச்சமில்லை. இரண்டு மணி நாற்பத்திரண்டுக்கு இரண்டு மில்லிகிராம். பத்து நிமிடம் காத்திரு. நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மானிட்டரை நம்பவில்லை, அந்தப் போர்வை மேலே வருகிறதா, கீழே போகிறதா, மேலே. ஒன்று. கீழே. மேலே. விசிறி. நீல உதடு. இவள் உதடு நீலமில்லை, வெளுத்திருக்கிறது, வெளுப்பு வேறு. பத்து நிமிடத்தில் ஒன்றும் மாறவில்லை, இன்னும் இரண்டு. மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு இன்னும் இரண்டு. அந்த மூன்றாவது இரண்டில் அவள் புருவத்துக்கு நடுவே இருந்த முடிச்சு அவிழ்ந்தது. வயிற்றை அணைத்திருந்த கைகள் தாமாக விலகிப் பக்கத்தில் விழுந்தன. மூச்சின் எண்ணிக்கை இருபத்தாறு, இருபத்திரண்டு, பதினெட்டு. குறையக் குறைய எனக்கு வியர்த்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சும் முன்பைவிட ஆழமாக உள்ளே போனது, சுருதி மேலேறியது, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, அவள் ஒருமுறை நன்றாக இருமினாள், இருமிவிட்டு வலிக்கவில்லையே என்பது போலத் தன் வயிற்றைப் பார்த்தாள். கமருன்னிசா இருமியிருப்பாள். வாத்தியார் பல் இருந்திருக்கும். வேண்டாம், எண்ணு. பதினாறு. "எத்தனை மார்க்கு?" என்றேன். "மூணு" என்றாள், "ரெண்டே முக்கால்." அப்படியே தூங்கிப்போனாள்.

பிறகு குறட்டை வந்தது. நான் எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அது அறையை நிரப்பியபோது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. எட்டு குறட்டை, ஒன்பது, பத்தாவது பாதியில் அறுந்து நின்றது. போர்வை நின்றது. ஒரு வினாடி. நான்கு. ஏழு. தோளைத் தட்டினேன், "மரியபுஷ்பம், மூச்சை இழுங்க" என்றேன், பதினொன்று, இன்னும் பலமாகத் தட்டினேன், கை மாற்று மருந்துப் பக்கம் போனது, பதினைந்தில் ஒரு பெரிய இழுப்போடு திரும்பினாள். மறுபடி குறட்டை. மறுபடி அறுந்தது. பிரேமலதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், வெளிய அவங்க பொண்ணு இருக்கு, கூப்பிடவா?" என்றாள். ரெக்கவரிக்குள் வீட்டாரை விடுவதில்லை. கூப்பிடு என்றேன். ரோஸ்லின், பி.எட். படிக்கிறாளாம், இருபத்திரண்டு வயது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், குறட்டையைக் கேட்டாள், அது அறுந்ததும் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் காது மடலைப் பிடித்து லேசாகக் கீழே இழுத்தாள். மூச்சு உடனே திரும்பியது. "தோள்ல தட்டினா தெரியாது மேடம், அங்க சதை. காதுதான். அப்பா இறந்ததுல இருந்து நான்தான் பக்கத்துல படுக்கேன்" என்றாள். எத்தனை வருடம் என்று கேட்டேன். ஆறு வருடம். ஒருவரும் உங்களிடம் இதைக் கேட்டதில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, குறட்டை உண்டா என்று கேட்டு உண்டு என்று அவள் அம்மா சொன்னதும் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு போனவள் நான்தான். வடிவிடமும் யாரும் கேட்கவில்லை. வடிவுக்கும் ஒரு காது மடல் தெரிந்திருக்கும்.

இப்போது நான்கு மணி. கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரோஸ்லின். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது, நான் எண்ண ஆரம்பிப்பதற்குள் அவள் கை போய்விடுகிறது. மூச்சு நிமிடத்துக்குப் பதினான்கு. எதிர்ச் சுவரில் வெயில் சாய்ந்துவிட்டது, ஏசி பெட்டியின் அடியில் வாளியில் தண்ணீர் சொட்டுகிறது. பர்வீன் வந்ததும் வயிற்று நரம்பை மரத்துப்போகச் செய்துவிட்டால் இனி இந்த மருந்து வேண்டியிருக்காது, அவள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், எது மேகம் எது நரம்பு என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதைச் செய்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. ரோஸ்லின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெளிய வரைக்கும் முனகல் கேட்டுச்சு. இப்ப எப்படித் தூங்குறாங்க பாருங்க" என்றாள். நான் மாஸ்க்கைச் சரிசெய்தேன். "இந்த மருந்து இங்கயேதான் இருந்துச்சா மேடம்?" "இங்கதான் இருந்துச்சு." "அப்ப முதல்லயே குடுத்திருக்கலாமே." பழைய வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்தன, உடம்பு கனம், மூச்சுக்கு ஆபத்து, நாங்க எல்லாத்தையும் யோசிச்சுத்தான். "குடுத்திருக்கலாம்" என்றேன். "ஒரு மணி நேரம் சும்மா நின்னேன். எனக்குப் பயம்." அவள் காத்திருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் காத்திருப்புக்கு முன்னால் எனக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தில்லைநாயகம் என்று ஒருத்தர் இருந்தார் என்று ஆரம்பித்தேன். பதினான்கு மில்லிகிராம். எழுப்பாதீங்க. விசிறி. மாரடைப்பு என்று எழுதியது. வடிவு வந்து கும்பிட்டது. என் கணவரிடம்கூடச் சொல்லாததை மரியபுஷ்பத்தின் மூச்சுகளுக்கு நடுவே, எண்ணிக்கை தவறாமல், சொல்லி முடித்தேன். ஏதோ இறங்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ரோஸ்லின் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "அந்த அக்காவுக்கு இது தெரியுமா?" என்றாள். "தெரியாது" என்றேன். "இன்னும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்களா?" நான் மானிட்டரைப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கித் தலைமாட்டுக்கு இன்னும் பக்கமாகப் போட்டு, எனக்கும் அவள் அம்மாவின் முகத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கை காது மடலில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைத்துக் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.